என் சன்கோச்சோவில் மருந்து இல்லை

கொன்சுவேலோ, டொமினிக்கன் நாடு
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள மருமகன் ராடாமெஸுக்கு அத்தை ஃபிதெலினா எழுதுவது. நான், என் முழங்கால், ஆடு, கோழி எல்லாரும் மாதா தயவில் சுகம். அமெரிக்காவில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். எண்பது ஆட்டத்துக்கு உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்களாமே, ஓய்வுக்கு என்ன குறை.

நிற்க. முடிவெட்டும் கடை டிவியில் உன்னைப் பார்த்தேன். புதுச் சட்டை, கண்ணில் தண்ணீர். "நான் ஊக்கமருந்து ஊசியே போட்டதில்ல. ஊருக்குப் போனப்ப எங்க அத்தை வச்ச சன்கோச்சோக் குழம்பைச் சாப்பிட்டேன், அந்த ஆட்டுக்கறியிலதான் ஏதோ இருந்திருக்கு" என்றாய். ஏன்டா, இருபத்தாறு வருஷமாக பேஸ்பால் மைதானத்து வாசலில் அண்டா வைத்திருக்கிறேன், என் கறியால் ஒருத்தனுக்கு ஏப்பத்தைத் தவிர எதுவும் வந்ததில்லை. போன வருஷம் உன்னை மாதிரி மாட்டின ஒருத்தன் நாய்க்குத் தடவிய களிம்பு கையில் பட்டுவிட்டது என்றான். அதற்கு முன்னால் ஒருத்தன் பெண்டாட்டி மாத்திரையை மாற்றி முழுங்கிவிட்டானாம், அதுவும் பதினொரு வாரம். பந்தை மட்டும் நீங்கள் அடிக்கிறீர்கள், மாட்டிக்கொண்டால் நாயும் பெண்டாட்டியும் அத்தையுமா? உன் கழுத்து சட்டைக்குள் நுழையாதபோதே கேட்டேனே, "வெறும் வாழைக்காய்தான் அத்தே" என்றாய். உங்கப்பன் போன பிறகு இந்தக் கையாலதான் உனக்கு ஊட்டினேன். எனக்கு மனசு வலிச்சுதுடா.

இனி யார் என் கடைக்கு வருவார்கள் என்று அடுப்பே மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால், ஐம்பது வயசு தாண்டினவர்கள் ஆடுகிற சாஃப்ட்பால் குழு மொத்தமும் தூக்குச்சட்டியோடு நிற்கிறது. ரெண்டாவது பேஸுக்குப் போக நடுவில் உட்கார்ந்து எழுந்திருக்கும் டான் எலிஹியோதான் முதல் ஆள்.

"ஃபிதே, ராடாமெஸுக்குப் போட்ட துண்டிலேருந்து எனக்கும் ரெண்டு போடு."

"அது வெறும் ஆடுதான் டான் எலிஹியோ."

"நீ அப்படித்தான் சொல்லணும், சொல்லு சொல்லு" என்று கண்ணடித்தார்.

சனிக்கிழமை அவர்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். தோற்ற கரும்பாலைக் குழு சும்மா இருக்குமா? என் அண்டாவிலிருந்து ஒரு குப்பி எடுத்துப்போய் மருந்துக்கடைக்காரரிடம் பரிசோதிக்கக் கொடுத்தது. அவர் முழுவதையும் குடித்துவிட்டு, முடிவு சொல்ல இன்னும் ரெண்டு குப்பி வேண்டும் என்று ஆளனுப்பினார். இப்போது என் கடையில் சாப்பிட்டவன் மூன்று நாள் மட்டை பிடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். கூட்டம் குறையவில்லை, அடுப்பு அணையவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் சமையல்காரிக்குப் பேர் முக்கியம். நாளைக்கே டிவியில் போய், "ஊசி போட்டது நான்தான், எங்க அத்தை கறியில உப்பைத் தவிர ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடு. வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

மாதா உன் தோளுக்குப் பலமும் நாக்குக்கு உண்மையும் தரட்டும்.

அத்தை ஃபிதெலினா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அதற்குள் எதிர்க்கடை நெரெய்தா பலகை மாட்டிவிட்டாள்: 'ராடாமெஸ் சாப்பிட்டது இங்கேதான்'. டான் எலிஹியோ அங்கே வரிசையில் நிற்கிறார். மேலே எழுதினதைக் கிழிச்சுப் போடு. டிவிக்குப் போய் மாதா மேல சத்தியம் பண்ணு: "எங்க அத்தை கடையிலதான், மூணு கிண்ணம்."