சம்பந்தி காலில் நெயில் பாலிஷ்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. அம்மா. பெண் பார்க்கப்பட வேண்டிய அக்கா. அவளை அழகுபடுத்துகிறேன் என்று கிளம்பிய நான். வந்தவர்கள்: கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை. அவருடைய அம்மா. அவருடைய அப்பா. (அகப்பட்டவர் இவர்தான்.)

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எங்கள் வீடு. நான் எட்டாவதோடு நின்றவள். அக்காவைப் பார்க்க அதற்கு முன் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி, பதில் இல்லை. இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் கூப்பிட மாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

நெயில் பாலிஷ் தண்ணீரில் சிந்தினால் பூப்போலப் பரவும். விரலை விட்டு எடுத்தால் அந்தப் பூ அப்படியே நகத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை நானாகக் கண்டுபிடித்திருந்தேன். (பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.) அன்று வெளிச்சத்துக்காக வாசல்படியில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்தேன். சிவப்புச் சொட்டு, வெள்ளைச் சொட்டு, ஈர்க்குச்சியால் ஓர் இழுப்பு. அக்காவின் ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்குப் புதிதாக விட்டேன், தாராளமாக.

"வந்துட்டாங்கடி!" என்று அம்மா அலறினாள். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், மலை சுற்றிவிட்டு மதியமே வந்துவிட்டார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பேசின் படியிலேயே இருந்தது.

மலை சுற்றுகிறவர்கள் செருப்புப் போடுவதில்லை. தார் ரோட்டில் வெந்த காலோடு மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பேசினைப் பார்த்தார்.

"காலுக்குத் தண்ணி. அதுல ரோஜாப்பூ வேற போட்டு வெச்சிருக்காங்க. குடும்பம்னா இது" என்றார். இரண்டு காலையும் உள்ளே விட்டார்.

"எல்லாம் சின்னவ வேலைங்க" என்றார் அப்பா, பெருமையாக.

காலை எடுத்தார். கணுக்கால்வரை சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக. விரல் எல்லாம் பூ. (அக்கா கையைவிட நன்றாக வந்திருந்தது.) அம்மாதான் முதலில் கத்தினாள்.

"ஐயோ, சம்பந்தி கால்ல ரத்தம்!"

சம்பந்தம் இன்னும் பேசவே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"நெயில் பாலிஷ்ங்க."

"கழுவுனா போவுமா?"

"போவாதுங்க."

அப்பா மண்ணெண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார். தோலில் இருந்தது போனது. நகத்தில் இருந்தது இன்னும் பளபளத்தது.

"செருப்புகூட இல்ல. பஸ்ல எப்படிடி போவேன்?" என்றார் அவர், மனைவியிடம்.

அந்த அம்மா அதுவரை முகத்தை இறுக்கி வைத்திருந்தவர். முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது.

"எனக்கு இத்தினி வருசத்துல ஒரு பாட்டிலு வாங்கித் தந்ததில்ல. வந்த எடத்துல தானே பூசிக்கினாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க. நம்ம ஜனமாயிட்டா வெளிய சொல்ல மாட்டாங்க. வேணாம்னு போனா, ஊரு பூரா சொல்லுவாங்க."

மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் அக்காவை இன்னும் பார்க்கவே இல்லை.

அடுத்த மாதம் கல்யாணம். அதற்குள் விஷயம் இரண்டு ஊருக்கும் போய்விட்டது. (அம்மா வாய்.) மேடையில் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அவருடைய அப்பா காலைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் பிள்ளைகள் இன்றும் கேட்பார்கள், அன்று மேடையில் எத்தனை விரலில் பாலிஷ் மிச்சம் இருந்தது என்று. அக்கா சிரிக்காமல் சொல்வாள்.

நாலு.