துருக்கியில் நிற்காத கப்பல்

"கப்பல் கடையில வரியே கெடையாதுன்னு சொன்னது நீங்கதானுங்களே அம்மணி?"

ஈஸ்வரமூர்த்தி கோபமாகக் கேட்டிருந்தால் கலாமணி எப்படியாவது சமாளித்திருப்பாள். அவரோ சிரித்துக்கொண்டே கேட்டார். கோயமுத்தூரில் ஒருவர் இத்தனை மரியாதையாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நான்தானுங்க," என்றாள்.

அவர் கப்பல் கடை ரசீதை மேஜைமேல் வைத்து நீவிவிட்டார். மனைவி மாரியாத்தாளுக்கு வாங்கிய கைக்கடிகாரத்துக்கான ரசீது. விலையோடு வரியையும் தீட்டியிருந்தார்கள்.

அவருக்குப் பீளமேட்டில் பம்பு கம்பெனி. அதை மகன் மோகனிடம் விட்டுவிட்டு, சொந்தபந்தங்களைத் திரட்டிக்கொண்டு இத்தாலியில் கப்பல் ஏறி, கிரீஸைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். டிக்கெட் போட்டது கலாமணி வேலை பார்க்கும் டிராவல்ஸ்.

கலாமணி அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அழுது அடம்பிடித்து வாங்கிய வேலை. "ஒரு சொல்லு வந்துச்சுன்னாலும் ஊட்டுக்கு வந்தரோணும்," என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா சீட்டைக் கிழிச்சிருவேன்," என்று முதலாளி பாலகோபாலும் போன மாதம்தான் சொல்லியிருந்தார். அவளுக்கு இந்த வேலை உயிர். உலக வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்கும்போது அவளுக்கே தன்னைப் பிடித்திருந்தது.

"விசாரிச்சுச் சொல்றனுங்க."

"அவசரமில்லீங்க. அம்மணிக்கு எந்தூரு?"

"அன்னூருங்க."

"அட, நம்ம பக்கந்தான்," என்று ரசீதை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

கலாமணி கப்பல் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினாள். பதில் உடனே வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளைத் தாண்டி வேறு ஒரு துறைமுகத்திலாவது கப்பல் நின்றால்தான் கடையில் வரி கிடையாதாம். இந்தக் கப்பல் துருக்கியில் நிற்க வேண்டியது. கடல் கொந்தளித்ததால் நிற்காமலே திரும்பிவிட்டது. ஆகவே வரி உண்டு, திருப்பித் தரமுடியாது, வணக்கம்.

அடுத்த முறை மாரியாத்தாளும் கூடவே வந்தார். கலாமணி துருக்கிக் கதையை விளக்கினாள்.

"துருக்கிக்குப் போகாதது எங்க தப்புங்களா அம்மணி?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "காத்தடிக்குதுன்னு கப்பல்காரன் பாதியில திருப்பிப்போட்டான். நாங்க ஆளுக்கொரு பையப் புடிச்சுட்டு வாந்தி எடுத்துட்டுக் கெடந்தோம். அதுக்கும் வரிங்களா?"

மாரியாத்தாளின் கவனம் வரியில் இல்லை. கலாமணியின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசிம்பருப்புச் சோறா? நீயே ஆக்குனயா கண்ணு?"

"ஆமாங்க."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கணவரைப் பார்த்துத் தலையாட்டினார். நஷ்டத்தைச் சோற்றிலாவது ஈடுகட்டுகிறார் போலும் என்று கலாமணி நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். "என்னங்க, ஏதாவது பிரச்சினைங்களா?"

கலாமணியின் வாய் முந்திக்கொண்டது. "ஒண்ணுமில்லீங்க சார். இவங்களுக்கு வரிப்பணம் திரும்பி வருது, அதான்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சொன்னதைக் காப்பாற்றுவதற்காக, சம்பளம் வந்ததும் ஒரு தொகையைக் கவரில் போட்டு, கப்பல் கம்பெனி அனுப்பியதென்று ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தாள். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தோடு விட்டது சனி என்று மதியம் ஒரு டீயும் குடித்தாள்.

சனி விடவில்லை. திங்கட்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தி, மாரியாத்தாளோடு கப்பலுக்குப் போன அத்தனை சொந்தமும் இறங்கியது. கையில் ஆளுக்கொரு ரசீது. ஒருவர் சென்ட், ஒருவர் தொப்பி, ஒரு பெரியவர் ஒரே ஒரு சாக்லேட்.

"ஈஸ்வரனுக்கு வந்தாப்பல எங்களுக்கும் வருமுங்களா?"

அவர்கள் கூட்டத்தில் கப்பலுக்கே போகாத ராசாத்தாளும் இருந்தார். ஈஸ்வரமூர்த்தியின் அக்கா. மற்றவர்கள் ரசீதை நீட்ட, அவர் மட்டும் வைத்த கண் வாங்காமல் கலாமணியையே பார்த்தார்.

"உங்க கொலதெய்வம் எங்கீங்க அம்மணி?" என்றார்.

கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கத்தான் கேட்கிறார்கள் என்று கலாமணிக்குப் புரிந்துபோயிற்று. ரசீதுக்கெல்லாம் கவர் போட்டால் தீபாவளி வரைக்கும் சம்பளமே மிஞ்சாது. கண்ணாடி அறைக்குள் முதலாளி வேறு எழுந்து நின்றுவிட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று எழுந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. கப்பல்காரங்க ஒண்ணுமே திருப்பித் தரலீங்க. அன்னிக்குக் குடுத்தது என்ற சொந்தச் சம்பளமுங்க. வரி இல்லைன்னு நான் சொன்னதை நம்பித்தானே அவரு வாங்குனாரு. அதான் மனசு கேக்கலீங்க."

அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்ன காரியஞ் செஞ்சுபோட்டீங்க அம்மணி," என்று சட்டைப் பையைத் தடவினார். மாரியாத்தாள் எழுந்து வந்து, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அவ பொய் சொன்னது தப்புத்தானுங்க, ஆனாலும்..." என்று ஆரம்பித்தார் வெளியே வந்த முதலாளி.

ராசாத்தாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வரியைச் சாக்குச் சொல்லி எத்தன வாட்டிதான் பொண்ணு பாக்கறது ஈஸ்வரா, நம்ம மோகனை எப்பக் கூட்டியாந்து காட்டட்டும்னு அம்மணிகிட்டயே கேளு."