ஆனாவுக்கு ஒரு சுவர்

என் மகளுக்கு ஆனா எழுத நானே கற்றுத் தருகிறேன் என்று என் மனைவியின் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். உட்கார்ந்தபடி சொல்லியிருக்கலாம். நின்று சொன்னவனை இந்த வீட்டில் அப்படியே நிற்க வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் போர்டு எழுதுகிறவன். எங்கள் கடைத்தெருவில் தலையை நிமிர்த்தி எந்தப் பக்கம் பார்த்தாலும் என் எழுத்துதான் கண்ணில் படும். மருந்துக்கடையின் ‘ம’ என்னுடையது. சைக்கிள் கடையின் ‘சை’யும் என்னுடையதுதான். அதன் முன்னால் வருகிற சுழி இரண்டையும் இரண்டு சக்கரமாகவே போட்டிருப்பேன். ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறேன், விசிட்டிங் கார்டு அளவுக்கும் எழுதியிருக்கிறேன். என் தலையெழுத்து ஒன்றைத்தான் வேறு யாரோ எழுதினார்கள். அதையும் அவுட்லைன் போடாமல் அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவனுடைய மகளுக்கு ஆனா எழுத வரவில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள்.

“மத்த பிள்ளைங்க சிலேட்டு நிறைய எழுதித் தள்ளுதாம். இவ மட்டும் பீரியடு பூரா ஒரே ஆனாவ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளாம். அதுவும் முடியறதில்லையாம். இப்படியே போனா அதுங்கள மேல அனுப்பிட்டு, இவள மட்டும் இன்னொரு வருஷம் அதே கிளாஸ்ல உக்கார வெச்சுடுவாங்களாம்.”

சிட்டுவைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து சிலேட்டைக் கொடுத்தேன். எழுது கண்ணு என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் எழுத்தின் வெளிக்கோடு. பிறகு, விரற்கடை இடம் விட்டு, உள்கோடு. பிறகு இரண்டுக்கும் நடுவே பொறுமையாக நிரப்ப ஆரம்பித்தாள். பாதி நிரம்பியதும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் நிழல் போடுவதற்கு இன்னொரு கோடு இழுத்தாள். உள்ளே டீ கொதித்து, வடிகட்டி, நான் குடித்தும் முடித்துவிட்டேன். ஆனா இன்னும் ஆகவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தை என் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுத்து என்றால் எழுதுவது அல்ல, வீடு மாதிரி கட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். ஊருக்கெல்லாம் எழுத்துப் போடுகிற கை, பெற்ற பிள்ளையின் எழுத்தைக் கெடுத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளுடைய கூட்டாளிகள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போக, என் குழந்தை மட்டும் புதுப் பொடிசுகளுக்கு நடுவில் நிழல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“இப்படி இல்லடா, ஒரே கோட்டுல” என்று சிலேட்டை வாங்கினேன். எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் நானும் அவுட்லைன் போட்டிருக்கிறேன். பழக்கம் விடவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். ஒற்றைக் கோட்டில் என் ஆனா காய்ச்சல்காரனைப்போலக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்ததும் எழுந்து நின்று அந்தச் சபதத்தைச் செய்தேன்.

“சரிங்க, கத்துக் குடுங்க. ஆனா...” என்றாள்.

“ஆனாதான் கத்துக் குடுக்கப் போறேன்.”

“அதில்லைங்க. ஆனா...”

“அதேதான். முதல்ல ஆனா. அப்புறந்தான் மத்ததெல்லாம்.”

கல்யாணமானதிலிருந்து இந்த எழுத்து எனக்குப் பழக்கம். நான் எதைச் சொன்னாலும் என் மனைவி ‘சரி’ என்பாள். அடுத்த மூச்சில் ஆனாவைப் போடுவாள். அதற்கப்புறம் நான் சொன்னது இருக்காது, அவள் சொன்னது இருக்கும்.

கடைக்குத் திரும்பிப் போய், என் தொழில் அறிவையெல்லாம் திரட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன். சிறிய கைக்குச் சிறிய எழுத்து கஷ்டம். சிலேட்டில் எழுதும்போது விரல் மட்டும்தான் வேலை செய்கிறது, அதனால்தான் குழந்தை இழைக்கிறாள். தோளிலிருந்து கையை வீசிப் பெரிதாக எழுதினால் கோடு தானாக ஓடும். எனவே சுவர். முன்னறைச் சுவரில், கரித்துண்டால்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மழைத் தண்ணீர் இறங்கி மஞ்சள் மஞ்சளாகக் கறை. ஜன்னல் ஓரம் பெயர்ந்து உள்ளே இருக்கிற சிமெண்டு தெரியும். வெள்ளை அடித்துத் தாங்க என்று அவள் வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுத்துக்காரன், வெள்ளை அடிக்கிறவன் இல்லை என்று நானும் வெகு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடகனைக் கூப்பிட்டு மைக் செட்டைத் தூக்கச் சொல்வதா? தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

சுவர் என்றதும் அவள் வேண்டவே வேண்டாம் என்றாள். பேப்பர் போதாதா என்றாள். நான் பிடிவாதமாக இருந்தேன். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

“எழுதட்டும். ஆனா இந்தக் கறை மேல எழுதினா எது கறை, எது எழுத்துன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே சொல்லுவீங்க, போர்டு சுத்தமா இல்லேன்னா எழுத்து எடுபடாதுன்னு.”

அது நான் சொன்னதுதான். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். என் வாக்கை என் வீட்டிலேயே ஒருவர் மதித்ததில் மனம் குளிர்ந்துபோய், அன்று சாயங்காலமே ஜன்னல் ஓரத்துச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தேன். வெள்ளை அடித்தேன் என்று சொல்வது தவறு. போர்டு தயார் செய்தேன்.

அது நன்றாகக் காய்ந்ததும் சிட்டு கரித்துண்டை வாங்கிக்கொண்டு போய் அதில் ஒரு ஆனாவைக் கட்ட ஆரம்பித்தாள். வெளிக்கோடு, உள்கோடு, நிரப்பு வேலை. “இழுத்துட்டே போ கண்ணு, நிறுத்தாத” என்று நான் கெஞ்சினேன். துணியால் துடைத்தால் சுவர் முழுவதும் கருப்பு ஈஷியது. அதன் மேல் மறுபடியும் ஒரு கோட்டிங். ஜன்னல் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, அதனால்தான் அவளுக்கு வரவில்லை என்றாள் என் மனைவி. எதிர்ச் சுவருக்குப் போனோம். அதையும் தயார் செய்தேன். அங்கே சிட்டு, “மேல எழுதினாத்தாம்ப்பா வரும்” என்றாள். அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கூரையை ஒட்டி மஞ்சள் இறங்கியிருந்த இடம் வரைக்கும் அடித்தேன். தோளில் உட்கார்ந்துகொண்டு அவள் நிழலோடு ஒரு ஆனா போட்டாள். கரித்தூள் முழுவதும் என் கண்ணில்.

மாடி வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். குழந்தைக்குப் பாடம் நடக்கிறது என்றேன். அவர் வாளியையும் பிரஷையும் என் தலையில் இருந்த வெள்ளையையும் பார்த்துவிட்டு, எங்கள் காலத்தில் இவ்வளவு செலவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு சுவரும் முடிந்து நடைவழிக்கு வந்துவிட்டோம், குழந்தை கொஞ்சமும் தேறவில்லை. நடைவழியின் ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒற்றைக் கோட்டில் வந்துவிட்டது. சுழித்து, வளைத்துக்கொண்டு போனவள், உள்ளே அம்மாவின் இருமல் கேட்டதும் நின்றுவிட்டாள். திரும்பி இரண்டாவது கோடு போட ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கடையில் வேலை ஓடவில்லை. பலசரக்குக் கடைப் போர்டில் ஒரு ‘ர’வுக்குக் கால் போட மறந்துவிட்டேன்.

அன்று மனைவியிடம் மனசு விட்டுச் சொன்னேன். இனிமேல் சிட்டுவைக் கடைக்குக் கூட்டிவர வேண்டாம், என் வேலையை அவள் பார்க்கவே வேண்டாம், என் எழுத்தால் அவள் படிப்பு போய்விடும் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் பார்வை சமையலறைப் பக்கம் போயிற்று. அடுப்புக்குப் பின்னால் புகை படிந்து சுவர் கன்னங்கரேலென்று இருந்தது.

“கடைசியா ஒரு தடவை இங்க எழுதச் சொல்லிப் பாருங்க” என்றாள் மெதுவாக. “என் பக்கத்துல இருந்தா பிள்ளைக்குத் தைரியம் வரும்.”

புகை படிந்த சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று கோட்டிங் அடித்தேன். காயக் காய நானும் கரித்துண்டை வைத்துக்கொண்டு ஒரு பழைய அட்டையில் ஒற்றைக் கோட்டு ஆனா பழகினேன். குழந்தை தனியாகத் தோற்க வேண்டாம் என்று தோன்றியது. கடைசியில் ஒன்று ஒழுங்காக வந்தது.

சிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். கரித்துண்டை எடுத்து, “சுழிச்சு, வளைச்சு, படுக்க வெச்சு, நிக்க வெச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரே இழுப்பில் எழுதினாள். நிழல் இல்லை. நிரப்பு இல்லை. மெல்லிசாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, உயிரோடு நின்றது அந்த ஆனா. நான் எழுதிய எந்தப் போர்டிலும் அப்படி ஒரு எழுத்தைப் பார்த்ததில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இதை மட்டும் அழிக்கக் கூடாது என்றேன். மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பெயிண்டு நெடியால் என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு, நானே சிட்டுவைக் கூப்பிடப் போனேன். டீச்சரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் மகள் ஆனா எழுதிவிட்டாள் என்றேன்.

டீச்சர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

“அது எப்பவோ எழுதிட்டாளே. நான் உங்க வீட்டுல சொன்னதுக்கு மறுநாளே எழுதிக் காட்டினா. இப்ப பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் இவதான் கையப் பிடிச்சு எழுத வெக்கிறா. இவள மேல அனுப்பாம வேற யார அனுப்பப் போறோம்?”

வீட்டுக்கு வந்தோம். என் மனைவி சமையல் மேடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றபடியே டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. ஈர மேடையைக் காட்டினாள். சிட்டு ஓடிப்போய் விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு ஆனா போட்டாள். சுழித்து, வளைத்து, படுக்க வைத்து, நிற்க வைத்து. அது பளபளவென்று கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானாகக் காய்ந்து மறைந்தது.

“தண்ணி விரலால ரெண்டு கோடு போட்டா ஒண்ணாச் சேந்துடும். அன்னிக்கு நீங்க கடைக்குத் திரும்பப் போனதும் அவளுக்கு வந்துடுச்சுங்க” என்றாள். “அழிக்கவும் வேணாம், வெள்ளை அடிக்கவும் வேணாம்.”

“அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் நினைச்சேன். ஆனா...”

அவள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முன்னறை, நடைவழி, சமையலறை என்று வீடு பால்போல வெளுத்திருந்தது. படுக்கையறை ஒன்றுதான் பாக்கி. சுழித்தது அவள் முகம், வளைந்தது நான், பல நாளாக ஸ்டூல் மேல் நின்றதும் நான்தான். கோபம் வர வேண்டிய இடத்தில், என் பிள்ளை தேறிவிட்டாள் என்கிற நிம்மதி வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்ப மனம் வரவில்லை. இருந்தாலும் ஒரு குடும்பத் தலைவனுக்கு உரிய குரலில், இனிமேல் இந்த வீட்டில் எந்தச் சுவரிலும் என் பிரஷ் படாது என்று அறிவித்தேன்.

அவள், “சரிங்க” என்றாள்.

சிட்டு ஈர விரலோடு படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

“அம்மா, ஆவன்னா எந்தச் சுவத்துல எனக்கு எழுத வராம இருக்கணும்?”