மூன்று இலட்சம் மைல் ஓடியவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களைப் பிடிக்க வலை தேவையில்லை. "உங்கட கார் எவ்வளவு ஓடியிரிக்கும்?" என்று ஒரு கேள்வியைப் போட்டால் போதும், தாமாகவே வந்து மாட்டுவார்கள். கையிலிருக்கும் வேலையைக் கீழே வைப்பார்கள், சாரனை இறுக்கிக் கட்டுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், பிறகு "மூணு லெச்சம் மைல்" என்பார்கள். சொல்லும் தோரணையைப் பார்த்தால் அத்தனை மைலையும் காரைத் தலையில் வைத்துக்கொண்டு தாங்களே நடந்து கடந்தது மாதிரி இருக்கும். பாதித் தூரம் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பதை அவர்களுடைய பெண்சாதிமாரிடம் கேட்டால்தான் தெரியும்.

மட்டக்களப்பு நாவற்குடாவில் இந்த இனத்துக்கு ஒரு குறையும் சொல்லமுடியாத மாதிரி ஒருவர் இருந்தார். கோணாமலை என்று பெயர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு கார். இந்த வரிசை நான் போட்டது. அவரைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவார். கார் ஐம்பத்தெட்டாம் ஆண்டு சீமையில் செய்தது. கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் செய்த சாமான் ஏதாவது அதில் மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம், வீணாக அவர்களை ஏன் இதற்குள் இழுப்பது?

மனைவி மங்கையற்கரசி இருபத்தாறு வருடம் அந்தக் காருக்குப் பின்னால் இருந்தவள். பின்சீட்டில் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால். மட்டக்களப்பு தட்டையான ஊர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பாலத்து ஏற்றத்தை விட்டால் காரை உருட்டிவிட ஒரு சரிவு கிடையாது. ஆகவே கோயிலுக்குப் போவதானாலும் செத்தவீட்டுக்குப் போவதானாலும் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை தள்ளுவாள், ஸ்டார்ட் வந்தால் அவர் நிறுத்தமாட்டார், நிறுத்தினால் போச்சு, ஓடிப்போய்த் தொற்றி ஏற வேண்டும், ஏறிக் கதவைச் சாத்தினால், "மெல்லகா, மெல்ல. இதென்ன கோழிக்கூடா?" என்று விழும். மெல்லச் சாத்தினால் அந்தக் கதவு பூட்டாது. போய்ச் சேரும்வரை கையால் பிடித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தால் பஸ் போகும், இருக்க இடத்தோடு. ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"பஸ்ஸில போவமே?"

"வீட்டுக்கு முன்னால கார் நிக்கக்குள்ள பஸ்ஸில போனா ஊர் என்ன கதைக்கும்?"

நிற்கிறது என்பது உண்மைதான்.

இந்த இனத்தின் பாஷையைத் தனியாகப் படித்தெடுக்க வேண்டும். அவர்களுடைய கார் பழுதாவதே இல்லை. "கோவிச்சிற்று" என்பார்கள். புகை வந்தால் பெற்றோலில் கலப்படம். சத்தம் வந்தால் றோட்டில் பள்ளம். நின்றுபோனால்? நீங்கள் கதவை அடித்துச் சாத்தினீர்கள். பெற்றோல் தாங்கி ஒழுகினால் உடுப்புச் சவுக்காரத்தைக் குழைத்து அப்பிவிட்டு, "ஒரிஜினல் டாங்கி, ஒரு வெல்டிங் கிடையாது" என்று தட்டிக் காட்டுவார்கள். நீங்கள் உங்கள் வீட்டு நோய்நொடியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையைத் தூக்கி உங்களை அடக்குவார்கள். "உஸ். கேக்குதா?" ஒன்றும் கேட்காது. "அதான். நேற்று இரிந்த சத்தம் இண்டைக்கு இல்ல." உங்கள் நோய்நொடி அந்தரத்தில் நிற்கும்.

காரைப் பார்ப்பவர் டவுனில் கராஜ் வைத்திருந்த நோபேட். பொனட்டைத் திறந்து, ஒரு பெருமூச்சு விட்டு, "இப்ப வாற வாகனம் ஒண்டும் இதுக்குக் கிட்ட வராது ஐயா" என்பார். சரிதான், எல்லாம் விலகித்தான் போகும். இந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காகவே கோணாமலை மாதத்தில் பாதி நாள் காரை அங்கே விட்டுவைப்பார். மீற்றரில் எல்லா இலக்கமும் ஒன்பதாகிப் பூச்சியத்துக்குத் திரும்ப இருந்த நாளில், அது பிள்ளையார் கோயிலுக்கு நேரே திரும்ப வேண்டும் என்று, செட்டிபாளையம்வரை போவதும் வருவதுமாகக் கணக்குப் பார்த்து ஓடி, மனைவியையும் மகளையும் முன்னுக்குக் குனிந்திருக்கச் சொல்லி, கண்ணை மூடிவிடாதீர்கள் என்று கட்டளையும் போட்டார். பூச்சியம் வந்தது. தேங்காய் உடைத்தார். மகள் கம்சாயினி பிறந்த அன்றுகூட அவர் தேங்காய் உடைத்ததாக மங்கையற்கரசிக்கு ஞாபகமில்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள், கார் கராஜில் நின்றது. நோபேட் பெருநாளுக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கோணாமலை காலையிலேயே சைக்கிளில் போய், பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று, ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்க்கிறவர் மாதிரிக் கம்பிக்குள்ளால் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் கடல் வந்தது. மங்கையற்கரசி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், வேலியைப் பிய்த்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினாள். தாயும் மகளும் தப்பினார்கள். அவர்களுடைய ஒழுங்கையில் தப்பாதவர்கள் எத்தனையோ பேர். காரும் தப்பியது.

அதற்குப் பிறகு இந்த மனுசன் செய்ததைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்த சனத்துக்கு நடுவில், பெண்சாதியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, "அதுக்கு முன்னமே தெரிஞ்சிரிக்கி தம்பி. அதான் வெள்ளிக்கிழமையே ஸ்டார்ட் வராம நிண்டிற்று" என்றார். அவன் எழும்பி அங்கால் போய்விட்டான். மங்கையற்கரசிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு மகளிடம் சொன்னாள்:

"அது வீட்ட நிண்டிரிந்தா நாம செத்திரிப்பம் மகள். ஓட விட்டிரிக்கமாட்டார். தள்ளச் சொல்லியிரிப்பார்."

கடல் போய்ச் சண்டை திரும்பி வந்தது. சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். கோணாமலை நிறுத்துவார், கார் அதோடு அங்கேயே குடியிருக்கும். நீட்டிய துவக்குக்கு முன்னால் ஒரு கார் காரணமில்லாமல் அசையாமல் நின்றால் எந்த ஆமிக்காரனுக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கயிறு, கம்பிச்சுருள், செத்த பெற்றரி, தண்ணீர்க் கான், பாதிச் சவுக்காரம். இதில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் அவர்கள் எல்லாவற்றுக்கும் பயந்தார்கள். தாயும் மகளும் உச்சி வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கோணாமலை அந்த நேரத்திலும், "டிக்கிய அடிச்சுச் சாத்த வேணாமெண்டு சொல்லு" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கார் தூரத்தில் வரும்போதே, போ போ என்று கையைக் காட்டி அனுப்பத் தொடங்கினார்கள்.

"பாத்தியா? ஆமிக்காரனே இதுக்கு மரியாத குடுக்கிறான்."

சண்டை முடிந்த வருடம் ஆவணியில் கம்சாயினிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தங்கள் ஊர்க் கோயிலிலேயே தாலி கட்டவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நேர்ந்திருந்தார்கள். மங்கையற்கரசிக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கடலுக்கும் சண்டைக்கும் தப்பவைத்துக் கொண்டுவந்த ஒரே பிள்ளை. அதைத் தகப்பன் தன் கையால் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும். அவளுடைய தம்பி ஒரு வானைப் பேசிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும் ஒண்டாப் போவம் அத்தான்."

"நீங்க போங்க. பொம்பிள என்ட கார்லதான் போவா."

பொம்பிளையிடம் யார் கேட்டார்கள்?

மண்முனைத் துறையில் அப்போது பாலம் கிடையாது. சனத்தையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடத்திவிடுகிற இரும்பு மிதவைதான், எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பாதை. வான் முதல் பாதையில் அக்கரைக்குப் போய்விட்டது. அடுத்ததில் காத்தான்குடி அஹமட், கலியாணத்துக்கு வாடகைக்குப் பேசிய பிளாஸ்டிக் கதிரைகளைத் தன் லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஏறினார். அவருக்குப் பின்னால், கடைசியாக, பொனட்டில் பூமாலையோடும் பின்னால் புகையோடும், தாயும் மகளும் உள்ளே இருக்க, கோணாமலையின் கார் ஏறியது.

"ஐயா, இஞ்சின நிப்பாட்டுங்க," என்றார் பாதை ஓட்டுகிறவர்.

"இது நிப்பாட்டுற கார் இல்ல தம்பி."

"பாதையில ஏறினா எல்லாரும் நிப்பாட்டத்தான் வேணும். பொகையில சனம் இருமுது."

நிப்பாட்டினார். மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கரை வந்தது. லேண்ட்மாஸ்டர் இறங்கியது, சைக்கிள்கள் இறங்கின, ஆடு கொண்டுவந்தவர் ஆட்டோடு இறங்கினார். கார் இறங்கவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப அது ஒரு முனகல் முனகிவிட்டு ஓய்ந்தது. இறங்கிய ஆட்கள், நல்ல மனுசர், திரும்பி வந்து தள்ளுவதற்குச் சாரனை மடித்துக் கட்டினார்கள்.

"கை வைக்காதிங்க," என்றார் கோணாமலை. "ஏத்தத்தில தள்ளினா கிளச் போயிரும். பின் பம்பர் நேற்றுத்தான் ஒட்டினது. கொஞ்சம் பொறுங்க, சூடு ஆறினா தானா வரும்."

கரையில் தயிர்ச்சட்டிக்காரர்கள் வெயிலில் காத்திருந்தார்கள். ஆசுபத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சி ஒருத்தி காத்திருந்தாள். பாதைக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவர்களைக் காரைச் சுற்றி நெருக்கி ஏற்றினார்.

"ஐயா, நான் எடுக்கப்போறன். இறங்கிறவங்க இறங்குங்க."

மங்கையற்கரசி மகளை இறக்கினாள். தானும் இறங்கினாள். டிரைவர் பக்கம் வந்து குனிந்தாள்.

"இறங்கி வாங்க. கார் இதிலயே நிக்கட்டும். ஆரும் தூக்கிற்றுப் போகமாட்டாங்க."

"தனிய விட்டிற்று எப்பிடி வாற?"

"அப்பா, நேரம் போகுது," என்றாள் கம்சாயினி. "நீங்கதானே தார வாக்கணும்."

"நீங்க முன்னால போங்க மகள். நான் இந்தா, பின்னாலயே வாறன்."

பாதை விலகியது. கோணாமலை ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை நேரே படுவான்கரையில் வைத்து, பின்புறமாக, புறப்பட்டு வந்த எழுவான்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மங்கையற்கரசி தன் வாழ்க்கையில் முதல்தரமாக அவரைப் பார்த்து வாயைத் திறந்து ஏசினாள். என்ன ஏசினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

"மகள், இதில ஏறுங்க," என்றார் அஹமட். "இரிக்கிறதுக்குக் கதிரைக்கா பஞ்சம்?"

அப்படித்தான் மணப்பெண் பட்டுச்சேலையும் நகையுமாக, லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஒரு சிவப்புக் கதிரையில் இருந்து, ஒரு கையால் தலைப்பூவையும் மறுகையால் தாயையும் பிடித்துக்கொண்டு, வயல்வட்டை நடுவால் குலுங்கிக் குலுங்கித் தன் கலியாணத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். "பொம்பிளையின் தகப்பனார் எங்கே?" என்று ஐயர் கேட்டார். வருகிறார் என்றார்கள். ஐயர் இரண்டுதரம் மந்திரத்தை நீட்டிப் பார்த்தார். முகூர்த்தத்தை நீட்ட முடியுமா? தாய்மாமன் தாரை வார்த்தான். தண்ணீர் விழும்போது மங்கையற்கரசி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோணாமலை அன்று எத்தனைதரம் வாவியைக் கடந்தார் என்பது பாதைக்காரருக்கே தெரியாது. கடைசியில் வயல்வேலைக்குப் போன ஐந்தாறு பேர் அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் காரைத் தள்ளி, கரையில் ஏற்றி, மறுபக்கச் சரிவில் உருட்டிவிட்டார்கள். கிளச்சும் போகவில்லை, பம்பரும் விழவில்லை, ஸ்டார்ட்டும் வந்தது. பந்தி முடிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோணாமலை ஹோர்ன் அடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்திங்களா? வரும் எண்டு சொன்னன்தானே."

"இறங்கி வாங்க அத்தான்," என்றான் மங்கையற்கரசியின் தம்பி. "பிள்ளைகள் கும்பிடவேணும்."

"இறங்க ஏலா. கால எடுத்தா நிண்டிரும். இஞ்ச வரச்சொல்லு."

வந்தார்கள். மாப்பிள்ளை குனிந்து காருக்குள் பார்த்தார். மாமனாரின் ஒரு கால் கிளச்சில், ஒரு கால் அக்சிலேற்றரில். கும்பிடுவதற்குக் கால் மிச்சமில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. கம்சாயினி புதுக் கூறையோடு கார்க் கதவடியில் முழந்தாளிட்டு, மணலைத் தொட்டுக் கும்பிட்டாள். கோணாமலை ஒரு கையை ஜன்னலால் நீட்டி மகளின் தலையில் வைத்தார். கண் சூட்டு மீற்றரில் இருந்தது.

மங்கையற்கரசி மற்றப் பக்கத்தால் வந்தாள். கதவைத் திறந்து, கையை நீட்டி, சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது.

"இப்ப கால எடுங்க," என்றாள். "பிள்ள மண்ணில கிடக்கிறா."

அவர் காலை எடுத்தார். சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"என்ன வேல செஞ்சிற்றாய்கா? இனி ஆர் தள்ளுற?"

கம்சாயினி எழும்பினாள். நெற்றியில் ஒட்டிய மணலைத் துடைத்தாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மாமனின் வானை நோக்கி நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோணாமலையும் பார்க்கவில்லை, அவர் பொனட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்களிடம் பழைய கார் இல்லை, இருந்தாலும் அது சொன்ன நேரத்துக்கு ஸ்டார்ட் வரும். மெத்தச் சந்தோசம். ஆனால் காலை எடுத்தால் நின்றுபோகும் என்று நீங்கள் அமத்திப் பிடித்துக்கொண்டிருக்கிற சாமான் வேறொன்றும் இல்லையா? ஒரு கடை? ஒரு சங்கத்துத் தலைவர் பதவி? தகப்பன் காலத்துக் காணி வழக்கு? ஒன்றுமே இல்லையென்றால் உங்களை விடப் பாக்கியசாலி கிடையாது. கும்பிட வந்த பிள்ளை உங்கள் காலைத் தேடிக் காணாமல் வெறும் நிலத்தைத் தொட்டுவிட்டுப் போனதுண்டா என்பதை, பக்கத்தில் நிற்கிறவர்களிடம் ஒருக்கால் விசாரித்துவிட்டு, மறுபடியும் சிரியுங்கள்.