மேற்படி பயணி

கூர்க்கில் இருந்து பதில் வந்திருந்தது. ஒரே வரி. "இனி எதுவானாலும் எங்கள் வக்கீலிடம் பேசிக்கொள்ளவும்."

செல்வலட்சுமி போனை அப்பாவிடம் நீட்டினாள். "அவியளுக்கு என்னப்பா எழுதி அனுப்புனீக?"

"அறிமுகம்தான் தாயி. என்னையப் பத்தி நாலு வரி" என்றார் மலைச்சாமி, மீசையை ஒதுக்கிக்கொண்டே.

மலைச்சாமி போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து போன சித்திரையில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ராஜபாளையத்தில் வீடு. சர்வீஸ் முழுக்க ஊர் ஊராகப் பந்தோபஸ்துக்குப் போனவர், ஆனால் ஓர் ஊரையும் பார்த்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு வருஷா வருஷம் டூட்டி. தேருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

"தேர் எம்புட்டு ஒசரம்னு சனங்க கழுத்து நிமிர்றத வச்சுத்தான் எனக்குத் தெரியும்" என்பார்.

இனியாவது நாலு இடம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். செல்வலட்சுமிதான் வழி சொன்னாள். ஓர் இணையதளம் வழியாகத் தோட்டக்காரர்கள் சிலர் பயணிகளை வீட்டில் தங்க வைக்கிறார்கள். நாம் அவர்களுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கிக் கொடுத்தால் போதும். "நான் ஆர்வமுள்ள பயணி, சுற்றுச்சூழல்ல அக்கறை உள்ளவன்னு எழுதுங்கப்பா, போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவர் எழுதியதை இப்போதுதான் படித்தாள்.

"மேற்படி மலைச்சாமி, எஸ்.எஸ்.ஐ. ஆகிய நான், தங்கள் தோட்டத்தில் நடப்பவை குறித்து மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன். மரம், மண், தண்ணீர் சம்பந்தமான விஷயங்களில் எனக்குத் தனிக் கவனம் உண்டு. நேரில் வந்து தங்கி, வேலையாட்களிடம் பேசி, உண்மை நிலையை அறிய விரும்புகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது என் வழக்கமல்ல. தங்களுக்காகச் சொல்கிறேன்."

"அப்பா! ரிட்டயர்டுன்னாவது போட்டிருக்கலாம்ல?"

"அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கல" என்றார் மலைச்சாமி. "சம்பாதிச்ச பேரு. அதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு ஒட்டு?"

அதோடு யூனிபார்ம் தொப்பியோடு ஒரு படம் வேறு.

"பயந்துட்டாக போலிருக்கு. நான் சரி பண்ணுதேன்" என்று அடுத்ததாக வயநாட்டில் ஒரு தோட்டக்காரருக்கு, அதே அறிமுகத்தோடு அவரே ஒரு வரி சேர்த்து அனுப்பினார். "தாங்கள் அச்சப்பட வேண்டாம். தற்போதைக்கு நடவடிக்கை ஏதுமில்லை."

சாயங்காலம் பார்த்தபோது அந்த வயநாட்டுத் தோட்டமே இணையதளத்தில் இல்லை.

"எழுத்துல உங்க நல்ல மனசு தெரியலீங்க. வாயாலயே பேசிருங்க" என்றாள் அவர் மனைவி வெள்ளத்தாய். கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாளுக்குப் போன் போட்டார்.

"வணக்கம்மா. மலைச்சாமி, எஸ்.எஸ்.ஐ. பேசுதேன். வீட்ல யார் யாரு இருக்கீக? சரி. தோட்டத்துக்குப் பின்வழி உண்டா? விடியக்காலம் அங்கிட்டு நடமாட்டம் எப்படி?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

"குருவி நடமாட்டத்தத்தானட்டி கேட்டேன்!" என்று அவர் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

செல்வலட்சுமி படத்தையாவது மாற்றிப் பார்ப்போம் என்று, மொட்டை மாடியில் ஒரு செம்பருத்தித் தொட்டியைக் கையில் கொடுத்து அவரை நிற்க வைத்தாள். அட்டென்ஷனில் நின்றார். பறிமுதல் செய்த பொருளோடு நிற்பதுபோல் இருந்தது படம்.

"தூரத்து ஆளுகளுக்கு நம்ம அருமை தெரியாது" என்று முடிவுக்கு வந்தார் மலைச்சாமி. "பக்கத்துல யாரும் இல்லையா?"

இருந்தார். கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த தவசிமுத்து. அவருக்கும் அதே அறிமுகம், அதே தொட்டிப் படம் போயிற்று. வெள்ளத்தாய் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஐயா அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தோப்பு முழுவதையும் காட்டுகிறோம். எங்கள் முழு ஒத்துழைப்பு உண்டு."

மலைச்சாமி அதைச் சத்தமாக இரண்டு தரம் படித்தார். "பார்த்தியாட்டி! ஒரு வரி மாத்தல. இயற்கைய நேசிக்கிறவன இன்னொரு இயற்கைய நேசிக்கிறவனுக்குத்தான் தெரியும்!"

தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கார் புகை கூடாது என்று புருஷனும் பொண்டாட்டியும் பஸ்ஸிலேயே போனார்கள்.

தவசிமுத்து பஸ் ஸ்டாப்புக்கே வந்து கையைக் கட்டி நின்றார். மலைச்சாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கே தோப்பைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"இது என்ன மரம்?"

"கிளிமூக்கு மாங்கய்யா. எங்கப்பா வச்சது."

"வேலிக்கு அங்கிட்டு?"

"அது காடுங்கய்யா. நமக்கு அங்க சோலி இல்லைங்கய்யா."

"ரொம்பச் சரி. காட்டக் காடா விட்டுறணும்" என்று அவர் தோளில் தட்டினார் மலைச்சாமி. தவசிமுத்துவுக்கு வேர்த்தது.

மறுநாள் காலையில் மாமரக் கிளையில் ஒரு சாம்பல் அணில் வந்து உட்கார்ந்தது. பூனை அளவு உடம்பு, அதைவிட நீள வால். ஒரே தாவலில் அடுத்த மரத்துக்குப் போயிற்று. மலைச்சாமி வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். தன் கழுத்தே நிமிர்ந்திருப்பது செத்த நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத ஒன்றை, மேலதிகாரி யாரும் அனுப்பாமல், தானே வந்து பார்த்துவிட்டார். பாத்தி கட்டினார், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளத்தாய்க்கே அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

கிளம்புகிற அன்று தவசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பார்த்திருக்கேன். உங்கள மாதிரி எதையும் மறைக்காத மனுஷனப் பார்த்ததில்ல."

தவசிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. சலவை வேட்டி கட்டி, துணிப்பை ஒன்றோடு அவரும் கூடவே பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்.

"நீங்களும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கா?"

"ஆமாங்கய்யா. உங்ககூடத்தான்."

வழித்துணை கிடைத்த சந்தோஷத்தில் மலைச்சாமி அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். வத்திராயிருப்புப் பக்கமிருந்து பஸ் திரும்பி வருவது தெரிந்தது. வழியனுப்ப வந்திருந்த தவசிமுத்துவின் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, காட்டுல வெட்டுன தேக்கு பூராவும் தொழுவுக்குப் பின்னாடிதான் கெடக்கு, ஆள் அனுப்பி அள்ளிக்கிடுங்க. விலங்க மட்டும் பஸ்ஸு ஊரத் தாண்டுனதுக்குப் பொறவு மாட்டுங்கய்யா."