முனுசாமி ஒத்துக்கொள்ளாத போன்

விரித்த போனின் வலப்பாதி கறுத்துக் கிடந்தது.

நகுலன் அதை மூடினான். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி திறந்தான். யாரோ அனுப்பிய காலை வணக்கத்து ரோஜாப்பூவில் பாதி தெரிந்தது. மீதிப் பாதி இருட்டில் இருந்தது. மடிப்பு விழும் இடத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு பல்லைக் காட்டியது.

“என்ன ஆச்சு உனக்கு?” என்று போனிடமே கேட்டான். அந்த வீட்டில் கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது.

காப்புறுதி நிறுவனம் அவனை மலாக்காவுக்கு மாற்றியபோது நகுலன் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தான். மனைவி ஜனகா அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தாள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போனதுதான் காரணம். புக்கிட் காத்திலில் வாடகை வீடு. இடப்பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியும் முன் வேலைக்குப் போய்விடுவார்கள். வலப்பக்கத்து வீடு காலி. அலுவலகத்தில் எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அதனால் மதியத்தில் அவன் மங்களம் அக்காவின் சாலையோர ஒட்டுக்கடைக்கு வந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இந்தப் போனை அவன் வாங்கியதே ஒரு விபத்து. டவுனில் சார்ஜர் வயர் வாங்கப் போனவனைக் கடைப் பெண் தேவிஸ்ரீ பிடித்துக்கொண்டாள்.

“இப்படி மடிச்சா போன் அங்கிள். இப்படி விரிச்சா டேப்லெட். பாதி மடிச்சு மேசையில வச்சா தானா நிக்கும், பாத்தீங்களா?”

“இன்னொரு தடவ காட்டும்மா.”

அவள் காட்டினாள். அவன் கேள்வி கேட்டான். கேள்விகள் தீர்ந்தபோது முதல் கேள்வியையே வேறு மாதிரி கேட்டான். யாரும் அவனோடு அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் இவ்வளவு பேசவைத்துவிட்டு வெறுங்கையோடு போவது முறையல்ல என்று வாங்கிவிட்டான். வயரை மறந்துவிட்டான்.

மறுநாள் மங்களம் அக்கா கடையில் போனை விரித்து வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏன் சார், நல்லா இருக்கற கண்ணாடிய யாராச்சும் நடுவுல மடிப்பாங்களா?”

சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் முனுசாமி அவர். அறுபதை நெருங்கிய ஆள். அதுவரை அவரும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நகுலனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தோசைய மடிக்கலாம், பாய மடிக்கலாம். போன ஏன் சார் மடிக்கணும்?”

“பாக்கெட்டுல வைக்கத்தாண்ணே.”

“சின்ன போனா வாங்கினா பாக்கெட்டுல போவாதா?”

“சின்னதுல கணக்கு ஷீட் எல்லாம் பாக்க முடியாதே.”

“சோறு தின்ற எடத்துல என்னா கணக்கு ஷீட்டு? வேஸ்ட்லா சார், வேஸ்ட்!”

நகுலனுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கோபம் அவனோடு இருந்தது. சோற்றைச் சூடாக்கும்போது அவனுக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. அடுத்த நாள் அதைச் சொன்னான். முனுசாமி அதற்கு மேல் ஒன்று சொன்னார். அப்படியே தினமும் நடந்தது. மற்ற ஓட்டுநர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மங்களம் அக்கா கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொல்வதும், அதை இரண்டு கட்சியும் ஏற்க மறுப்பதும் வழக்கமானது. நகுலன் அலுவலகக் கூட்டங்களுக்குக்கூட அப்படித் தயார் செய்ததில்லை.

அந்தப் போன்தான் இன்று பாதி செத்துக் கிடந்தது.

கடைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வேளையை விட்டால் அன்று அவன் குரலைக் கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். போனான்.

“போன் எங்க சார்?” முனுசாமி தட்டு வரும் முன்பே கேட்டார்.

“வீட்டுல இருக்குண்ணே. சார்ஜுல.”

“மங்களம், கேட்டுக்கிட்டியா? மத்தியானத்துக்கே பேட்டரி செத்துப் போவுதாம்!”

“அப்படி இல்லண்ணே. காலையில மறந்துட்டு வந்துட்டேன்.”

“அவ்ளோதானே? உங்க வீட்டு வழியாத்தான் போறேன். லோரியில ஏறுங்க, எடுத்துட்டு வந்துருவோம்.”

நகுலன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான். “வீட்டுச் சாவி ஆபீஸ்ல இருக்கு.”

“அப்ப ஆபீசுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போவோம்.”

“வேணாண்ணே! நாளைக்குக் கொண்டாரேன். புதுசா ஒன்னு காட்டறேன். அதப் பாத்தீங்கன்னா நீங்களே ஒத்துக்குவீங்க.”

வாய் சொல்லிவிட்டது. இனி புதிதாக ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். அந்தச் செய்தியை அன்று மாலைக்குள் முனுசாமி எல்லா ஓட்டுநர்களுக்கும் பரப்பிவிடுவார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் நேராகத் தேவிஸ்ரீயிடம் ஓடினான். அவள் போனைத் திருப்பிப் பார்த்து, காதருகே வைத்து மெல்ல மடித்தாள். நறநறவென்றது.

“கீலுக்குள்ள மண்ணு போயிருக்கு அங்கிள். பீச்சுக்குக் கொண்டு போனீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துக் கடற்கரையில் போனைப் பாதி மடித்து மணலில் நிறுத்தி, தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. படம் எடுத்துத் தர ஆள் இல்லாதவர்களுக்கு இந்தப் போன் பெரிய வசதி என்று முனுசாமியிடம் வாதாட நினைத்திருந்தான். சொன்னால் தன் வாதம் அழுகை மாதிரி கேட்கும் என்று விட்டுவிட்டான்.

“கேஎல்லுக்கு, கோலாலம்பூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும் அங்கிள். எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

“நாளைக்கு மத்தியானம் வேணும்மா!”

அவள் சிரித்தாள். அப்போதுதான் கண்ணாடிப் பேழைக்குள் அதே போன், அதே கருநீலத்தில் நிற்பதை நகுலன் பார்த்தான்.

“அது டம்மி அங்கிள். உள்ளுக்கு ஒன்னும் இல்ல. திரையில படம் ஒட்டியிருக்கோம், அவ்ளோதான்.”

“மடியுமா?”

“மடியும்.”

“ஒரே ஒரு நாளைக்குக் குடும்மா.”

“எதுக்கு அங்கிள்?”

“மத்தியானச் சாப்பாட்டுக்கு.”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். முனுசாமி என்ற பெயரைக் கேட்டதும் தேவிஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நகுலனுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கெட்ட போனை வாங்கி வைத்துக்கொண்டு டம்மியைக் கொடுத்தாள்.

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. நகுலன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, டம்மியை எட்டத்தில் பிடித்துக்கொண்டு ‘டக்’கென்று திறந்தான். ‘டக்’கென்று மூடினான்.

“இதத்தான் தெனம் பாக்கறோமே. புதுசுன்னீங்களே, எங்க?” என்றார் முனுசாமி.

நகுலன் வாயைத் திறப்பதற்குள் மங்களம் அக்கா நண்டுக் குழம்புச் சட்டியோடு வந்துவிட்டாள். “தம்பி, முகநூல்ல போடணும். உன் போன்ல ஒரு படம் புடிச்சுக் குடு.”

மறுக்க முடியவில்லை. ஓட்டுநர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். வேஸ்ட் என்று இத்தனை நாள் கத்திய முனுசாமி சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

நகுலன் டம்மியை உயர்த்தினான். நாக்கை மடித்து ‘க்ளிக்’ என்றான்.

“சார், சத்தம் உங்க வாயிலேருந்து வந்த மாதிரி இருந்துச்சே?”

“ஸ்பீக்கர் அப்படிண்ணே. இந்த மாடல் அப்படித்தான்.”

“இன்னொன்னு எடுங்க. நான் கண்ண மூடிட்டேன்.”

‘க்ளிக்.’

“அனுப்பு தம்பி,” என்றாள் மங்களம் அக்கா.

“லைன் இல்லக்கா.”

“எனக்கு அஞ்சு கோடும் நிக்குதே!”

படத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே நேரத்தில் அவன் மேல் சாய்ந்தார்கள். யாருடைய முழங்கையோ பட்டு ஒரு கிளாஸ் தேத்தாரே டீ டம்மியின் மேல் கொட்டியது.

“ஐயோ, போச்சு!” என்று கடையே அலறியது.

கலங்காதவன் நகுலன் ஒருவன்தான். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வாய்ப்பு இது என்று நினைத்தான். “பயப்படாதீங்க. இதான் நான் சொன்ன புது விஷயம். இதுல தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆவாது!”

அலட்சியமாக ஒரு டிஷ்யூவை எடுத்துத் துடைத்தான். கடிகாரம், காமிரா, வானிலை எல்லாம் அந்த டிஷ்யூவோடு சேர்ந்து உரிந்து வந்தன. மிச்சமிருந்த காகிதம் ஊறி உப்பி நின்றது. வானிலையில் இருந்த சூரியன் அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நகுலன் விரலைத் துடைத்துக்கொண்டான். “போன் கெட்டுப் போச்சுண்ணே. இது கடையில காட்சிக்கு வைக்கிறது. நீங்க சொன்னதுதான் சரி. சும்மா பகட்டுக்கு வாங்கினேன். வேஸ்ட்.”

இத்தனை நாள் சண்டையில் வென்றுவிட்ட முனுசாமி கைதட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் முகமோ தொங்கிப் போனது.

“என்னா சார் இது? அப்படி சட்டுன்னு ஒத்துக்கிட்டா எப்படி?”

“உண்மையத்தானே சொன்னேன்.”

“ரிப்பேருக்குப் போனா வந்துரப் போவுது. அதுக்குள்ள வேஸ்ட்டுன்னுட்டீங்க?”

“நீங்கதாண்ணே தெனம் சொன்னீங்க.”

“நான் சொல்லுவேன். நீங்க சொல்லலாமா?” என்று எழுந்தவர், பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முனுசாமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மற்ற ஓட்டுநர்கள் தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எதிர் நாற்காலியை யாரோ வேறு மேசைக்கு எடுத்துப் போனார்கள். நகுலன் பழைய சின்னப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் முள்ளை நிதானமாக எடுத்தான். வீட்டில் சோற்றைச் சூடாக்கும்போது ஒரு நல்ல வாதம் தோன்றியது. அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? சுவரிடம் சொல்லிப் பார்த்தான். சுவர் ஒத்துக்கொண்டது.

அந்த வாரக் கடைசியில் தேவிஸ்ரீ கூப்பிட்டாள்.

“அங்கிள், போன் ரெடி. வந்து எடுத்துக்குங்க.”

“அதுக்குள்ளயா?”

போன் புத்தம் புதிதுபோல் இருந்தது. கீழ் மூலையில் இருந்த கீறலைக்கூடக் காணவில்லை.

“உடம்பையே மாத்திட்டாங்க அங்கிள்,” என்றாள் தேவிஸ்ரீ, எங்கோ பார்த்துக்கொண்டு. “உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருச்சு. உங்க சிம்ம போட்டுக்குங்க. பீச்சுக்கு மட்டும் கொண்டு போயிறாதீங்க, சொல்லிட்டேன்.”

திங்கட்கிழமை மதியம் மங்களம் அக்கா கடை வாசலில் செம்பனை லோரி நின்றது. நகுலனுக்கு நடை தானாக வேகம் பிடித்தது. முனுசாமி எதிர் நாற்காலியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போட்டு, அதில் உட்கார்ந்தும் இருந்தார்.

“என்னா சார், செத்த போனுக்கு உயிர் வந்துருச்சா?” என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி. “எத்தன தடவ ரிப்பேரு செஞ்சாலும் வேஸ்ட்டு வேஸ்ட்டுதான்!”

“வேஸ்ட்டா? ரோடு மேப்ப ஒரு பக்கம், மெசேஜ ஒரு பக்கம் வச்சுப் பாருங்கண்ணே, அப்பத் தெரியும்.”

“நான் இந்த ரோட்டுல முப்பது வருசமா மேப்பு இல்லாம ஓட்டறேன்!”

“அதான் அன்னிக்கு மூவாருக்குப் போறப்ப வழி தவறி மாட்டிக்கிட்டீங்க!”

கடை சிரித்தது. கட்சிகள் மறுபடி பிரிந்தன. மங்களம் அக்கா கரண்டியோடு வந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பின் வந்த நாள்களும் அப்படியே போயின. கோபத்தோடு அலுவலகம் திரும்பிய நகுலன் படியேறும்போது தனக்குள் சிரித்துக்கொள்வதைக் காவலாளி கவனித்து, “ஓகேவா பாஸ்?” என்று விசாரிக்கும் அளவுக்குப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை நகுலன் இதுவரை சொல்லாத வாதத்தைக் கையிலெடுத்தான். போனைப் பாதி மடித்து, தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினான்.

“இப்பப் பாருங்கண்ணே. ரெண்டு பேர் கையும் சோத்துல இருக்கு. போன் அடிக்குதுன்னு வைங்க. சாதாரண போன்னா என்ன செய்வீங்க? கைய கழுவி, தொடைச்சு, அதுக்குள்ள அது நின்னு போயிரும். இது தானா நிக்கும். சுண்டு விரலால ஒரு தட்டு. எல்லாரும் உக்காந்த எடத்துலயே பேசலாம்.”

“யாரு சார் நமக்குக் கூப்பிடப் போறா?” என்றார் முனுசாமி. சொன்ன பிறகு தண்ணீர்க் கிளாஸை இங்கும் அங்கும் நகர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. திரையில் தேவிஸ்ரீ என்று பெரிதாக விழுந்தது.

“பாத்தீங்களா!” என்றான் நகுலன், வெற்றிக் களிப்போடு.

பெயரைப் பார்த்த முனுசாமி கறிக் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். “எடுக்காதீங்க சார்! சார், வேணாம்லா!”

அதற்குள் நகுலனின் சுண்டு விரல் தட்டிவிட்டது. மேசையில் தானாக நின்ற போனிலிருந்து தேவிஸ்ரீயின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“அங்கிள், உங்க போன் கேஎல்லேருந்து இப்பத்தான் வந்து சேந்துச்சு, இனிமே நீங்க வச்சிருக்கறத முனுசாமி அங்கிள்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க, உங்களுக்கு முன்னாடியே வாங்கி லோரிக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு வச்சிருந்தாரு, பாவம்!”