குளிர்க்கிடங்கில் நான் வாசித்த வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு,
'ஒலிமுற்றம்' மாத இதழ்,
துனிஸ்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் வாய்மூடி இருந்தது போதும். முதலில், தங்களுக்கும் தங்கள் அலுவலகத்தாருக்கும் உடல்நலமும் மன அமைதியும் உண்டாக வேண்டுகிறேன். கோபத்தில் இருப்பவனும் மரியாதையை விட்டுவிடக் கூடாது என்று எங்கள் ஊரான ஸ்ஃபாக்ஸில் சொல்லி வளர்ப்பார்கள். துனிஸில் எப்படியோ, எனக்குத் தெரியாது. சென்ற மாதத் தங்கள் இதழில் 'குளிர்க்கிடங்கு' என்ற இசைத்தட்டுக்கு நீளமான விமர்சனம் வந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து இப்போது வெளிச்சத்துக்கு வந்த அரிய சோதனை முயற்சி என்றும், 'உப்புக் கல்லறை' என்ற மெட்டல் இசைக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் இரைச்சலையெல்லாம் துறந்து மௌனத்தை நோக்கி நடந்த பயணம் என்றும் தங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். அந்த மூன்று பேரில் நான் ஒருவன். நான் எதையும் துறக்கவில்லை. எதை நோக்கியும் நடக்கவில்லை. என்னைப் பற்றி மொத்தமே ஒரு வாக்கியம்தான்: "பேஸ் கிட்டார் வாசிப்பவர், நிழலில் படுத்த ஒட்டகம் அசைபோடுவதைப் போல ஒவ்வொரு சுரத்தையும் மென்று விழுங்குகிறார்." ஐயா, நான் பேஸ் வாசிப்பவன் அல்லன். நான் லீட் கிட்டார். ஸ்ஃபாக்ஸிலிருந்து காபிஸ் வரைக்கும் அன்றைக்கு என்னைவிட வேகமாக வாசித்தவன் எவனும் கிடையாது. காபிஸில் ஒருவன் இருந்ததாகச் சொல்வார்கள். அவன் பாதி சுரத்தை விழுங்கிவிட்டு மீதியை வேகமாக வாசிப்பான், அது கணக்கில் சேராது.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் எங்கே ஒத்திகை பார்த்தாலும் அக்கம்பக்கத்தார் கல்லெறிந்தார்கள். எங்கள் பாடகன் நவ்ஃபலின் தந்தை ஹாஜி திஜானிக்குத் துறைமுகத்தின் பக்கம் ஒரு மீன் குளிர்க்கிடங்கு இருந்தது. சுவர் ஒரு முழத்துக்குக் குறையாத கனம். உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது. அந்த ஜனவரியில், குழுவில் மற்றவர்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, நாம் மூவர் மட்டும் தனியாக ஒரு முயற்சி செய்வோம் என்றான் நவ்ஃபல். பல்லவி வேண்டாம், சரணம் வேண்டாம், வெறும் இரும்பும் கிட்டாரும் குரலும் போதும் என்றான். எங்கள் டிரம்காரன் ஹாத்திம் டிரம்மோடு நிற்காமல் மீன் தொங்கவிடும் கொக்கிகளையும் தட்டுவதற்கு ஒப்புக்கொண்டான். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் தனி ஆவர்த்தனம் எனக்குத்தான் என்று சொன்னதால் நானும் ஒப்புக்கொண்டேன். ஐயா, அந்தக் கிடங்கின் குளிர் தங்களுக்குத் தெரியாது. இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் ஹாஜி திஜானியின் பழைய கோட்டு, கையில் விரல்நுனி வெட்டிய கையுறை. வாசிப்பதை நிறுத்தினால் விரல் விறைத்துவிடும். அதனால் நிறுத்தவில்லை. மூச்சு விடாமல், பேய் பிடித்தவன் மாதிரி வாசித்தேன். இதைத்தான் தங்கள் விமர்சகர் "சகாராவின் நண்பகல் வெக்கை ஒவ்வொரு தந்தியிலும் தகிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் "சூஃபி ரீங்காரம்" என்று அவர் உருகுவது, கிடங்கின் குளிர் இயந்திரம் ஓடிய சத்தம். அது அப்போதே ரிப்பேர்.

வெக்கை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருபவன், சுருக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் பதிவு செய்தது ஹாத்திமின் நான்கு தடக் கருவியில். அது சாதாரண கேஸட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும்; நாடாவின் இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில் ஒரேயடியாக நிரப்பிவிடும். ஒரு பாதியில் என் கிட்டாரும் டிரம்மும், மறு பாதியில் நவ்ஃபலின் குரலும் இரும்புக் கொக்கியும். இந்தக் கேஸட்டை வீட்டிலிருக்கும் சாதாரண டேப்ரிகார்டரில் போட்டால் என்ன ஆகும்? என் கிட்டார் பாதி வேகத்தில், பேஸ் மாதிரித் தடித்துப்போய், டிரம்மோடு மட்டும் முனகிக்கொண்டு வரும். கேஸட்டைத் திருப்பிப் போட்டால் குரலும் கொக்கியும் பாதி வேகத்தில், கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி வரும். கால் மணி நேரம் வாசித்தது ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரமாகப் பெருகும். ஐயா, தாங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த இசைத்தட்டு, தவறான கருவியில் போட்ட கேஸட்.

அது ஏன் அத்தனை காலம் கிடந்தது என்பதையும் தங்கள் விமர்சகர் தப்பாக எழுதியிருக்கிறார். "காலத்துக்கு முந்திப் பிறந்ததால்" அன்று. சண்டையால். பதிவின் நடுவில், சரியாக என் ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது, ஹாஜி திஜானி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வந்தவர் நவ்ஃபலின் மைக்குக்கு எதிரில் நின்றுகொண்டு, "கதவைச் சாத்துங்கடா கழுதைங்களா, பேய்க்கணவாய்க்கெல்லாம் வேர்க்குது. வாசிக்கிறவன் வாசி, தட்டுறவன் தட்டு, கதவை மட்டும் சாத்து" என்று கத்திவிட்டுப் போனார். அதை வெட்டி எறிய வேண்டும் என்றேன் நான். அதுதான் உயிர்நாடி, வெட்டக் கூடாது என்றான் நவ்ஃபல். இரண்டு வாரம் பேசாமலிருந்தோம், அது இரண்டு வருடமாயிற்று. அதற்குள் ஹாத்திம் கருவியை மஹ்தியாவில் ஒரு கல்யாணப் பாடகனுக்கு விற்றுவிட்டான். நவ்ஃபல் கேஸட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரான்சில் மார்செய்லுக்குக் குடிபோனான். அந்த ஹாஜி திஜானியின் வசைதான், ஐயா, பின்னோக்கிப் பாதி வேகத்தில் ஓடி, தங்கள் இதழில் "மொழி மறந்துபோன பழங்குடி மூதாட்டியின் ஒப்பாரி" ஆகியிருக்கிறது. ஹாஜி திஜானி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். மீசை வைத்திருக்கிறார்.

இதில் ஹாத்திமின் பாடு தனி. அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகை, கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் பாட்டைத் தலைகீழாகப் பதிந்து அதில் ஷைத்தானைத் துதிக்கிறார்கள் என்று எழுதிவிட்டது. எங்களைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி எங்கள் பழைய கேஸட்டைப் பென்சிலைச் செருகிப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே காதருகில் வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அது அவருடைய சந்தேகத்தை அதிகமாக்கிற்று. கடைசியில் ஹாத்திம் தன் தாயின் தலைமேல் ஆணையிட்டு, எங்கள் பாட்டில் ஒரு வரிகூடத் தலைகீழாக இல்லை, என்றைக்கும் இருக்காது என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். இன்று அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறான். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்கத் தலைகீழ் என்று நான் விளக்கியபோது பயிற்சி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். பிறகு, "அம்மா இப்ப நல்லாத்தான் இருக்காங்க. நீ இத வெளிய சொல்லி அவங்களுக்கு எதுனா ஆச்சு, உன்ன விடமாட்டேன்" என்றான். இவனிடம் நியாயம் கேட்க முடியுமா?

நவ்ஃபலைத் தொலைபேசியில் பிடித்தேன். பெர்லினில் சின்ன நிறுவனம் நடத்தும் ஒருவரிடம் போன வருடம் கேஸட்டைக் கொடுத்ததாகவும், அவர் தன் வீட்டு டேப்ரிகார்டரில் போட்டுக் கேட்டுக் கண்ணீர் விட்டதாகவும் சொன்னான். நான் விஷயத்துக்கு வந்தேன்.

"டேய், அது ஓட வேண்டிய வேகம் அது இல்லடா."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள அவரு அழுதுட்டாரு. அழுத மனுசன்கிட்டப் போயி, ஐயா நீங்க தப்பா அழுதுட்டீங்கன்னு எப்படிச் சொல்றது?"

"என்ன பேஸுன்னு போட்டிருக்கான்டா."

"என் ஈரக்குலையே, கோவிச்சுக்காத. ஒன்னயாவது மனுசன்னு போட்டிருக்கான். எங்கப்பாவக் கெழவின்னு போட்டிருக்கான். அவரு கேட்டுட்டுச் சிரிக்கிறாரு."

இதோடு போகவில்லை. வரும் கோடையில் கடலோர அரங்கு ஒன்றில் நாங்கள் மூவரும் அந்த இசைத்தட்டை, தட்டில் கேட்பது போலவே, மேடையில் வாசிக்க வேண்டுமாம். அதாவது நான், ஊரறிய, பாதி வேகத்தில். அதுவும் கிட்டார் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி, பேஸ் போல. நவ்ஃபல் தன் தந்தை திட்டியதைப் பின்னோக்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். கதவைச் சாத்தச் சொன்ன இடம் வந்துவிட்டதாம், கழுதையில் தட்டுகிறதாம். நான் முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு என்ன குறை என்று தாங்கள் நினைக்கலாம். சொல்கிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பட்டம் இருக்கிறது, அதை இந்த நாட்டில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் பதவி என்னைத் தாண்டி இரண்டு பேருக்குப் போயிற்று. அவர்கள் பெயரை இங்கே எழுதி இந்தத் தாளைக் கெடுக்க மாட்டேன். சொந்தம் என்று நான் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது, அது அந்த வேகம். அதற்கும் சாட்சி அந்த ஒரு கேஸட்தான். அது எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கிறது, கிடந்தாலும் உண்மை உண்மைதான் என்று இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்தேன். இப்போது ஆசிரியர் அறையில் புவியியல்காரர் என் தோளில் கைவைத்து, "உஸ்தாத், ஒங்க தட்டப் போட்டேன், பத்து நாளாத் தூக்கமில்லாம கெடந்தவன் அப்படியே அசந்துட்டேன், அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்கிறார். நன்றியோடு சொல்கிறார், ஐயா. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒரு மனுசன் நாலு மாசம் விரல்ல ரத்தம் கட்டக் கட்டப் பழகி ஒண்ணச் செஞ்சா, அதைத் தூக்க மருந்துன்னு சொன்னா எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆகவே அடுத்த இதழில், விமர்சனம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கீழ்க்கண்டவாறு திருத்தம் வெளியிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். அதை வாசித்தவர் லீட் கிட்டார் கலைஞர். அவர் வாசித்தது தாங்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். அவர் சகாராவைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. மேலும், இசைத்தட்டைச் சரியான வேகத்தில், சரியான திசையில் மறுபடி வெளியிடும்வரை யாரும் அதை வாங்க வேண்டாம். பொதுமேடையில் நடக்கப்போகும் அந்த மோசடியையும் கண்டிக்க வேண்டும். இதைச் செய்யத் தவறினால் நான் ஆதாரத்தோடு வேறு பத்திரிகைக்குப் போக நேரும்.

தங்கள் பேனா தாழாமல் இருக்கட்டும், தங்கள் வீட்டில் ஒலிவ எண்ணெய் குறையாமல் இருக்கட்டும், தங்கள் விமர்சகருக்கு அல்லாஹ் நல்ல காதைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆதாரத்தையும் கூடவே வைத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. இசைத்தட்டின் இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, இரண்டாம் பக்கத்தை நேராகத் திருப்பி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். பள்ளி விட்டு வந்து மாலையில் உட்கார்ந்து இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன். பெரிய வித்தை இல்லை. சமையலறையிலேயே போட்டேன். என் மனைவி ரவ்தா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டாரை எடுத்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வது எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம். அன்றும் எழுந்தாள். வாசல்வரை போய் நின்று கேட்டாள்.

"ஸுஹைர், யாரு இது? குளிர்ல பல்லு தந்தியடிக்கிற மாதிரி இருக்கு."

நான்தான் என்றேன். இரண்டு மடங்கு வேகம் என்றேன். டிரம் ஒரு பக்கம் ஓட, கிட்டார் அதற்கு முன்னால் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கேஸட் பழையது, கணினியும் மட்டமானது, பொருத்தியதில் இடைவெளி விழுந்திருக்கலாம். சரிபார்த்தேன். விழவில்லை. ஹாஜி திஜானி தெளிவாகக் கதவைச் சாத்தச் சொன்னார். முழுப் பதிவிலும் தாளம் தப்பாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

"பழசையே போடு" என்றாள் ரவ்தா. "அந்த மெதுவா வர்றது. நீ பள்ளிக்கூடம் போனப்புறம் தெனமும் அதத்தான் போட்டுக்கிட்டு வேலை பாக்குறேன்."

போட்டேன். உட்கார்ந்தாள். கையில் மிளகாயோடு, கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓரிடத்தில், "இங்க என்ன நெனச்சுக்கிட்டு வாசிச்ச?" என்று கேட்டாள். கால் கட்டைவிரல் மரத்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு வாசித்த இடம் அது. ஒன்றுமில்லை என்று சொன்னேன். மிளகாய்க் காட்டம் என் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

ஆதாரத்தை அழித்துவிட்டேன், ஐயா. நவ்ஃபல் வரும் வியாழக்கிழமை ஒத்திகைக்கு மார்செய்லிலிருந்து வருகிறான், வரச்சொல்லிவிட்டேன். மூன்று நாளாக மெதுவாக வாசித்துப் பார்க்கிறேன். தாங்கள் நினைப்பது போல அது லேசு இல்லை. வேகமாக வாசிக்கும்போது ஒரு சுரம் தப்பினால் அடுத்தது வந்து மூடிவிடும். மெதுவாக வாசித்தால் தப்பின சுரம் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனவே மோசடி, மேடை, யாரும் வாங்க வேண்டாம் என்றெல்லாம் எழுதிய பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். பேஸ் என்றதைத் திருத்தியே ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. வேகம் இரண்டு மடங்கு என்பதையும் போடலாம், ஆனால் யாரும் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டாம், நம்பினால் போதும். கீழே பெயர் இருந்தால் அந்தப் பெர்லின்காரர் நேரே என்னிடம் வந்து சரியான வேகத்தில் ஒருமுறை கேட்க வேண்டும் என்பார். இல்லையென்று சொல்ல எனக்கு வராது. அதனால் இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.